கம்பைலர் நீக்கிய இரண்டு வரிகள்

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

மருத்துவமனைகளுக்கு மருந்துப் பம்பு செய்யும் கம்பெனி அது. ஊசிக்குழலில் மருந்தை நிரப்பிப் பம்பில் பொருத்திவிட்டால், கட்டிலருகே நின்றபடி அது நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும். பம்புக்குள்ளே ஒரு சின்னச் சிப்பு, அதில் ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமை வேகமாக்குவதும் இளைக்கவைப்பதும்தான் அவள் வேலை.

நாம் எழுதும் புரோகிராமைக் கம்பைலர் வாங்கி, சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது. நேரடியாக மாற்றிவிடுவதில்லை. நடுவில் தனக்கென்று ஒரு வடிவத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கை இரண்டு தரம் போட வேண்டுமா, இந்த வரி எப்போதாவது ஓடுமா என்று தன்னையே கேட்டுக் கேட்டு அடிக்கும், திருத்தும், மறுபடி எழுதும். அந்த நடு வடிவத்தைக் காட்டச் சொன்னால் காட்டவும் செய்யும். டம்ப் என்பார்கள். பார்க்கச் சகிக்காது. மனிதர் வைத்த பெயர்களெல்லாம் போய், எண்ணும் புள்ளியும் அம்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாக வரும். மற்றவர்கள் ஒரு பக்கம் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை தேடுவார்கள். அவள் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு வார இதழ் படிப்பதுபோல் படிப்பாள். எங்கே கம்பைலர் புத்திசாலித்தனம் காட்டியிருக்கிறது, எங்கே அசடு வழிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவள் கணவரும் அதே கம்பெனிதான். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பார்க்கும் பகுதியை எழுதியவர் அவர். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்த்து, இரண்டு படி இறங்கி, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கும் ஆள். புரோகிராமும் அப்படித்தான் எழுதுவார். பம்பின் கடிகாரம் நொடியை ஆயிரமாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. இருபத்து நாலு நாளும் இருபத்தரை மணி நேரமும் அணைக்காமல் ஓடினால் எண் எல்லையைத் தொட்டு, பழைய காரின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகளிலிருந்து சைபருக்கு விழுவதுபோல், கவிழ்ந்துவிடும். சைபருக்கும் கீழே போய்விடும். அப்போது அடுத்த மருந்தின் நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்று நினைத்துப் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்காகவே அவர் இரண்டு வரி எழுதினார். அடுத்த மருந்துக்கான நேரம் இப்போதைய நேரத்தைவிடக் குறைவாக வந்தால் எண் கவிழ்ந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்து, மணி அடி. அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினார்: "தேவையில்லை என்று தோன்றும். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்."

"கம்ப்யூட்டர்கிட்டகூட தயவுசெய்துன்னு கெஞ்சறீங்களே" என்று அவள் சிரித்தாள்.

"கம்ப்யூட்டர்கிட்ட இல்லம்மா. எனக்கு அப்புறம் வர்றவன்கிட்ட."

சில மாதங்கள் கழித்து, பாட்டரி இன்னும் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். வேலை அவளிடம் வந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து, கடைசியில் கம்பைலருக்குக் கட்டளை கொடுக்கும் பில்டு ஃபைலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். இன்னும் ஒரு படி கடுமையாகச் சீர் செய் என்பது அதன் பொருள். மாற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. நொடிக்கு ஆயிரம் தரம் ஓடும் ஏழு பகுதிகளின் டம்ப்பை எடுத்து வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கணவரின் பகுதி ஆறு நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடுவது. அதில் என்ன பாட்டரி மிச்சமாகப் போகிறது? அதை அவள் பார்க்கவில்லை. பாட்டரி இரண்டே கால் மணி நேரம் கூடுதலாக ஓடியது. மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பதினொரு மாதம் கழித்து ஒரு பஸ் டிரைவர் இறந்தார். வயிற்றில் அறுவை செய்துகொண்டு, புண் ஆறாமல் நெடுநாள் படுக்கையில் இருந்தவர். அவரது கட்டிலருகே பம்பு ஒரு நாளும் அணையவில்லை. இருபத்தைந்தாம் நாள், காலை பத்தரை மணி வாக்கில், ஒரு நாள் முழுக்க ஏற வேண்டிய வலி மருந்து ஆறே நிமிடத்தில் ஏறியது. நர்ஸ் வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. மணி அடிக்கவே இல்லை.

அந்தப் பம்பைச் சீல் வைத்து எடுத்துப்போனார்கள். கம்பெனி அந்த மாடலையே எல்லா ஊரிலிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டது. விசாரணை நடந்தது. ஆறு நிமிடம் இடைவெளியே இல்லாமல் மருந்து தள்ளியிருக்கிறது. இடைவெளியைப் பார்ப்பது யார் எழுதிய பகுதி? அந்த ஃபைலில் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை ஒரே பெயர்தான் இருந்தது.

அவர் தன் மேசையில் ஒரு பம்பை வைத்து, கடிகாரத்தை இருபத்து நாலு நாள் முன்னால் தள்ளி, விசாரணைக் குழுவின் கண் முன்னால் ஓட்டிக் காட்டினார். எண் கவிழும் நேரம் வந்ததும் பம்பு நின்றது. மணி அடித்தது. நாலு தரம் ஓட்டினார். நாலு தரமும் அடித்தது.

குழுவில் ஒருவர் மெல்லக் கேட்டார். "இங்க அடிக்குது சார். அங்க ஏன் அடிக்கல?"

அவர் மேசையில் ஓடியது சீர் செய்யாத பில்டு, அதாவது கம்பைலர் எதையும் அடிக்காமல் எழுதியபடியே மாற்றித் தந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் மேசையில் அதைத்தான் வைத்திருப்பார்கள், அதில்தான் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியும். மருத்துவமனைக்குப் போவது சீர் செய்த பில்டு. அந்த அறையில் இருந்த யாருக்கும் இந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதியதை நாற்பது தரம் படித்தாள் அவள். டம்ப் எடுத்துப் பார்க்கலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பவள், வீட்டுக்காரருக்கு எடுக்கவில்லை. தப்பு எழுதியதில் இருக்கிறது என்றே எல்லோரையும்போல அவளும் நினைத்தாள். சத்தமாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் வேலை போயிற்று. கவனக்குறைவு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வேறு எங்கும் அவர் தேடவில்லை. நோட்டுப் புத்தகமும் பேனாவும் மொத்தமாக விற்கும் கிடங்கில், பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினார்.

ஒரு முறை மகளுக்குக் காய்ச்சல். குழந்தைக்கு அப்போது ஆறு வயது. சிரப் பாட்டிலையும் அளவு மூடியையும் கையில் வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஊற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திரும்பப் பாட்டிலிலேயே கொட்டினார். மறுபடி ஊற்றினார்.

"என்னங்க, அஞ்சு எம்எல்தானே?"

"தெரியும். நீயே குடும்மா."

"கோடு போட்டிருக்கு பாருங்க. அது வரைக்கும்—"

"கோடு சரியா இருக்கும். நான் பாக்கறதுதான்." பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மருந்து கொடுப்பது அவள் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. வேலை போன முதல் மாதமே அவர் அந்த டிரைவரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனார். டிரைவரின் மனைவி கதவைத் திறந்து, யாரென்று கேட்டு, வெகுநேரம் பார்த்தாராம். "நீதான் எழுதினியா, தம்பி?" "ஆமாங்க." "சரி. உக்காரு." அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தரம் போய்வருவார். என்ன பேசுவார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

நாலு வருடம் இப்படியே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை. கம்பெனி புதிய கம்பைலருக்கு மாறப்போகிறது. பழையதும் புதியதும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று ஒப்பிடும் வேலை அவளுக்கு. சோதனைக்கு ஏதாவது பழைய புரோகிராம் வேண்டும். திரும்ப வாங்கப்பட்ட அந்தப் பம்பின் புரோகிராமை யாரோ சோதனைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். இனி எங்கும் ஓடாது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று போட்டிருப்பார்கள்.

பதினொரு மணிக்குக் கணவரின் பகுதி வந்தது. இடது திரையில் அவர் எழுதியது, "தயவுசெய்து" உட்பட. வலது திரையில் டம்ப். கம்பைலர் வேலையை ஆரம்பிக்கும்போது அந்தப் பகுதியின் கட்டளைகள் ஐந்து கட்டங்களாகப் பிரிந்திருந்தன. ஒரு படி தாண்டியதும் நாலு. மணியடிக்கும் கட்டத்தைக் காணோம்.

எண்ணிக்கையில் தவறியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். பிறகு மணியடிக்கும் கட்டளையின் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. புதிய கம்பைலரின் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பழைய கம்பைலரைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் இல்லை. பில்டு ஃபைலில் தான் மாற்றிய சொல்லைப் பழையபடி மாற்றினாள். வந்துவிட்டது. ஐந்தாவது கட்டம், உள்ளே மணி. திரும்ப மாற்றினாள். போய்விட்டது.

கம்பைலர் போட்ட கணக்கு எளிமையானது. இப்போதைய நேரத்தோடு ஆறு நிமிடத்தைக் கூட்டினால் விடை இப்போதைய நேரத்தைவிடக் குறையுமா? குறையாது. எண் எல்லை தாண்டிக் கவிழலாமே என்றால், அந்த வகை எண்ணைக் கவிழும்படி எழுதவே கூடாது, அது எழுதுகிறவர் பொறுப்பு என்று மொழியின் விதிப் புத்தகம் கைகழுவிவிட்டது. நடக்கவே நடக்காத ஒன்றுக்கு எதற்கு இரண்டு வரி? எடுத்துவிட்டது. ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. அவள் கேட்டுக்கொண்டதைத்தான் அது செய்திருந்தது.

ஸ்டோர் அறையில் அந்த மாடல் ஒன்று தூசி படிந்து கிடந்தது. எடுத்துவந்து, சீர் செய்த பில்டை ஏற்றி, குழலில் தண்ணீர் நிரப்பி, முனையை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டாள். கடிகாரத்தை முன்னால் தள்ளினாள். மதிய உணவு நேரம், சோதனை அறையில் வேறு யாருமில்லை. மோட்டார் கிர்ரென்றது. நிற்கும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. ஆறு நிமிடம், மூச்சு விடாமல் தள்ளித் தள்ளிக் குழல் காலியானது. பிறகு கடிகாரத்தின் எண்ணும் கவிழ்ந்ததும் ஒன்றும் அறியாததுபோல் அமைதியாகி, திரையில் பச்சை விளக்கைக் காட்டியது. டம்ளரில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றாள். அது அதிகமில்லை. இரண்டு வாய் குடிக்கலாம்.

மேலாளர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு மேடம். அந்தக் குடும்பத்தோட பேசி முடிச்சாச்சு. மாடலும் இல்ல. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அவர் மேல கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க சார்."

"விதிப்படி பார்த்தா அவர் எழுதினதும் தப்புதானே? நீங்களே சொல்றீங்க."

"ஆமா. ஆனா அவர் அங்க மணி வெச்சிருந்தார். நான் எடுத்துட்டேன்."

"நீங்க எடுக்கல. கம்பைலர் எடுத்தது."

"நான் எடுக்கச் சொன்னேன் சார்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "எழுத்துல குடுத்தீங்கன்னா, அதுல உங்க பேர் வரும். யோசிச்சுக்குங்க."

அவள் யோசிக்கவில்லை. அன்று மாலைக்குள் நாலு பக்கம் எழுதி, டம்ப்பின் அந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுத்தாள். கொடுத்தது சுலபம். வீட்டில் சொல்வதற்குத்தான் ஐந்து நாள் ஆனது. புதன்கிழமை சொல்லப்போய்ப் பால் பொங்கிவிட்டது என்று எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை அவரே "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார், இல்லை என்றாள்.

ஞாயிறு மதியம், மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தபோது, அச்செடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவர் கைகழுவி, துடைத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். இது நீங்கள் எழுதியது. இது கம்பைலர் புரிந்துகொண்டது. இது அடுத்த படி. இங்கே பாருங்கள். டம்ப் படித்துப் பழக்கமில்லாதவர், ஆனாலும் புரிந்துகொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப என் மேசைல அடிச்சது..."

"சீர் பண்ணாத பில்டு."

"ம்." தாளைத் திருப்பினார். "இந்த மாத்தம் எப்ப வந்துச்சு?"

அவள் விரலைத் தாளிலிருந்து எடுத்தாள். "பாட்டரி வேலைங்க. நான் பண்ணினது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்ப டம்ப் பாத்தியே. மூணு மாசம் அதையே பாத்துட்டு இருந்தியே."

"ஏழு ஃபங்ஷன் பாத்தேன். உங்களோடது அதுல இல்ல."

"விசாரணை அப்ப?"

"தோணல."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"எண் வகையை வேற மாதிரி வெச்சிருந்தா இது போயிருக்காது. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். விதி இருக்கே."

"யாருக்குங்க அந்த விதியெல்லாம் ஞாபகம் இருக்கு?"

"கம்பைலருக்கு இருந்துச்சு" என்றார். தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் ஒரு மனிதர் முகம் மலரும் என்று அவள் எண்ணியிருந்தாள். ஐந்து நாளாக அந்த ஒரு நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாலு வருடமாகத் தூக்கிப் பழகிய சுமையில் பாதியை யாரோ இறக்கி, பக்கத்திலேயே இன்னொன்றை வைத்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

அடுத்த சனிக்கிழமை இருவருமாகப் போனார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. டிரைவரின் மனைவிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷினில் பாதி தைத்த ஜன்னல் திரை கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு இவளுக்கு நாற்காலி போட்டார். "இவங்கதான் வீட்டுக்காரங்களா?" என்று அவரிடம் கேட்டார். அதுவரை அவர் தன்னைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள்தான் சொன்னாள். டம்ப் பற்றியெல்லாம் சொல்லவில்லை. ஆபத்து வந்தால் மணி அடிக்கிற மாதிரி இவர் வைத்திருந்தார், பாட்டரிக்காக நான் செய்த ஒரு மாற்றத்தால், நாங்கள் எழுதுவதை அந்த மெஷினுக்காகத் திருப்பி எழுதும் இன்னொரு மெஷின் அதை எடுத்துவிட்டது, போனது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்றாள்.

டிரைவரின் மனைவி ஒரு நூலைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்ப தம்பி மேல தப்பு இல்லையா?"

"பாதி இருக்குங்க" என்றார் அவர். "அது போற மாதிரிதான் எழுதியிருந்தேன்."

"மீதிப் பாதி இவங்களா?"

"ஆமாம்மா" என்றாள் அவள்.

"அந்த மெஷினுக்கு எழுதற மெஷின் ஒண்ணு சொன்னீங்களே. அதுக்கு?"

அவள் பாதி தைத்த திரையைப் பார்த்தாள்.

"முதல் நாள் இந்தத் தம்பி வந்தப்போ, செருப்பால அடிக்கலாமான்னு நினைச்சேன்" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. "ஆனா வந்து நின்னாரே, நான்தான்னு. ஒரு ஆள் இருந்தாரு. கோவம் வந்தா இவரை நினைச்சுக்குவேன். கொஞ்சம் கொஞ்சமா அது தேஞ்சுபோச்சு. வருஷா வருஷம் வர்றாரு, முடி நரைக்குது, எனக்கே பாவமா இருக்கும். இப்ப நீங்க ரெண்டு பேரா வந்து ஆளுக்குப் பாதிங்கறீங்க. நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

அவர் தலை குனிந்தார். அவளுக்கு அழுகை வந்தது. அங்கே அழும் உரிமை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டாள். தேநீர் வந்தது. குடித்தார்கள். கிளம்பும்போது வாசல்வரை வந்த அந்த அம்மா, "தம்பி, இனிமே வர வேண்டாம்பா. தப்பா எடுத்துக்காத" என்றார். "சரிங்க" என்றார் அவர். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவள் கையை நீட்டியதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பிடிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் அறிக்கை பரிசீலிக்கப்பட்டது. முந்தைய முடிவில் மாற்றமில்லை. இரண்டே வரி. அவர் படித்து, மடித்து, உறைக்குள்ளேயே வைத்தார். பழைய நண்பர் ஒருவர் விஷயம் தெரிந்து, தன் கம்பெனிக்கு வந்துவிடச் சொன்னார். "எதை நம்பி எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவள் சீர் செய்யும் வேலையை விட்டு விலகி, பம்புகளுக்கான கையேடு எழுதும் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த விளக்கு எரியும் என்று எழுதுகிறாள். எக்ஸ்ரே அக்கா என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

வீட்டில் சண்டை இல்லை. "சாப்பிடறீங்களா?" "போடும்மா." "பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல் இல்ல." "சரி." விருந்தாளிகள் இருவர் ஒரே வீட்டில் தங்கியதுபோல் அத்தனை மரியாதை. ஒன்பது வயது மகள் ஒரு நாள், "நீங்க ரெண்டு பேரும் என்ன, ஆபீஸ்ல இருக்கற மாதிரியே பேசறீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள்.

போன மாதம் அவர் கிடங்கிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு கேட்டார். "அந்த டம்ப் முழுசா இருக்கா? என் ஃபங்ஷன் எல்லாத்துக்கும்?"

"எதுக்குங்க? அந்தப் பம்பே இல்லையே."

"வேற என்னென்ன போயிருக்குன்னு பாக்கணும்."

அவள் மேலாளரிடம் கேட்டு வாங்கி, முந்நூற்றுப் பத்துப் பக்கமும் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொள்கிறார். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்திப் படிக்கிறார். புரியாத இடம் வந்தால் தலையைத் தூக்காமலே கேட்பார். "இந்த அம்புக்குறி எங்க போகுது?" அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்ப்பாள். "ரெண்டு வழியா வர்ற மதிப்பு இங்க ஒண்ணா சேருதுங்க." "ம்." அவ்வளவுதான், மறுபடி சமையலறைக்குப் போவாள். அன்றைய நாளில் அவர்கள் பேசிக்கொள்வதில் அதுதான் நீளமானது.

இதுவரை வேறு எதுவும் காணாமல் போகவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறார்.